சாட்சிக்கு ஐந்து நிமிடம்

சம்பளம் இல்லாத வெளிநாட்டை
எங்கள் கருங்கல் பக்கம் யாரும் கேள்விப்பட்டதில்லை.
குவைத்தா, மஸ்கட்டா,
எந்த ஆஸ்பத்திரி, மாசம் எத்தனை தினார் என்று
திருவனந்தபுரத்தில் ஏறியதிலிருந்து களியக்காவிளை வரை
டாக்சிக்காரர் விசாரித்துக்கொண்டே வந்தார்.
மலாவி என்றேன்.
அது மலேசியாவில் எங்கே என்றார்.

சீட்டு எடுத்த பணத்தில் டிக்கெட்.
சம்பளப் பிடித்தத்தோடு இருபத்தாறு நாள் லீவு.
கொண்டுபோனது மூன்று பெட்டி:
தையல் நூல், கத்தீட்டர்,
தெருவில் வீடு வீடாய்க் கேட்டு வாங்கிய பழைய நைட்டிகள்.
கொண்டுவந்தது ஒரு பை நிலக்கடலை.
அதை நாத்தனார் எண்ணெயில் வறுத்தாள்,
நம்ம ஊர்க் கடலைதான் கொள்ளாம் என்றாள்.

போதகர் ஐயா ஐந்து நிமிடம் தந்தார்.
"பிள்ளைகளும் இருப்பாங்க சிஸ்டர்,
அந்தச் சொல்லை மட்டும் விட்டிருங்க."
எந்தச் சொல் ஐயா என்றேன்.
அவரும் சொல்லவில்லை.

ஆகவே மைக்கில் சொன்னேன்:
அங்கே ஒரு ஏரி உண்டு, கடல்போல.
குளச்சலில் போல மணலில் வள்ளம் ஏற்றுகிறார்கள்,
நெத்திலிபோல ஒரு மீனைப் பரணில் உலர்த்துகிறார்கள்,
வாயில் வைத்தால் மட்டும் வெள்ளத்துக்கு உப்பில்லை.
பெண்களுக்கு ஒரு சிறிய உதவி செய்தோம்.
பழைய துணிகளை மடித்து வைத்து
அவர்கள் படும் கஷ்டம் பெரிது.
ஸ்தோத்திரம்.

சொல்லாதது எஸ்னாத்.
பத்தொன்பது வயது. நாலு நாள் வலி.
சைக்கிள் கேரியரில் பதினெட்டு மைல்.
பிள்ளை செத்துப் பிறந்தது,
உள்ளே ஒரு வாசலைத் திறந்து போட்டுவிட்டுப் போனது.
அன்றிலிருந்து மூத்திரம்
நடக்கையில், உறங்கையில், முழங்காலில் நிற்கையில்.
கோயிலில் முதலில் கடைசிப் பெஞ்சு,
பிறகு வெளியே மாமரத்தடி,
பிறகு அதுவும் இல்லை.

தைத்து முடித்ததும்
நீலச் சாயம் விட்டுப் பார்ப்போம்.
மூன்று பஞ்சு உருண்டை.
டாக்டரம்மா ஒவ்வொன்றாய் எடுப்பார்,
நான் கிண்ணம் நீட்டுவேன்.
நாற்பத்தொரு பேரில் முப்பத்தாறு பேருக்கு
மூன்றும் வெள்ளை.
எஸ்னாத்துக்கு இரண்டு வெள்ளை.
பிரித்துத் தைத்தார். மறுபடியும் நீலம்.
அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று நாங்கள் சொன்னதை
மொழிபெயர்த்த பையன் எதற்கோ
ரொம்ப நேரம் சொன்னான்.
அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.
என் கையை.

மற்றவர்களுக்குக் குழாய் எடுத்த மறுநாள் விடியலில்
வார்டில் ஒரு சத்தம்.
ஆளாளுக்குத் தன் படுக்கையை
உள்ளங்கையால் தடவித் தட்டிப் பார்க்கிறார்கள்.
உலர்ந்திருந்தது.
இன்னொரு தரம் தட்டிப் பார்க்கிறார்கள்.

இங்கே வந்தால் இடவப்பாதி.
ரப்பர் ஷீட்டும் உள்பாவாடையும் ஒரே கொடியில்,
மூன்று நாளாகியும் ஈரம் விடவில்லை.
தொட்டுப் பார்த்துவிட்டு
அப்படியே நிற்கிறேன்.
அடுப்பில் பால் பொங்கிவிட்டது என்று
இவர் கத்துகிறார்.

ஆராதனை முடிந்து செருப்பைத் தேடும்போது
ரெஜினாள் வந்தாள். அண்டியாபீஸ்காரி.
பத்து விரலும் அண்டிப்பாலில் கறுத்தவள்.
என்றைக்கும் உள்ளே வராமல்
படியோரம் நின்றே ஆராதிப்பவள்.
பிந்தி வருவதால் என்று நினைத்திருந்தேன்,
பதினோரு வருஷமாக.

"அங்க உள்ள பொம்பளையள்" என்றாள்,
"துணி எத்தன மடிப்பு வைப்பாவ?"

நாலு என்றேன்.

"காணாது. ஆறு வைக்கணும்."

மழை வலுத்திருந்தது.
அவள் கையில் குடை இருந்தது, விரிக்கவில்லை.
நனைந்துகொண்டே இறங்கி நடந்தாள்,
மெதுவாக, எல்லாரையும்போல ஈரமாக.

இவர் பைக்கில் ஹாரன் அடிக்கிறார்.
நீங்க போங்க என்று கையைக் காட்டிவிட்டு
ஒற்றைச் செருப்போடு
நானும் இறங்கினேன்.